நாய்க்கு உகந்த கரை

ரோலண்ட் ஒரு விடுமுறையைத் தேர்ந்தெடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு, அதிலிருந்து மீள இன்னொரு விடுமுறை வேண்டியிருக்கும். எனக்கு நாற்பத்தோரு வருடமாக வேண்டியிருக்கிறது.

என் கணவர் பார்ன்ஸ்லி நகராட்சியில் கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் அதிகாரியாக இருந்தவர். தன்னைத் தெருமுனையில் கண்டதுமே கசாப்புக் கடைக்காரர்கள் தராசுத் தட்டிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிடுவார்கள் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வார். ஓய்வுபெற்ற பிறகு சோதிக்கத் தராசு இல்லை. ஆகவே, காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடான கேரவனை நிறுத்தித் தங்கும் முகாம்களைச் சோதிக்க ஆரம்பித்தார். வடபகுதிக் கேரவன் சங்கத்தில் ஒன்பது வருடம் விதிகள் துணைக்குழுவின் செயலாளர். அந்தப் பதவி போய்ப் பல வருடமாகிவிட்டது. பித்தளைச் சின்னம் மட்டும் இன்னும் சட்டையில் இருக்கிறது. தோட்டத்தில் களை பிடுங்கும்போதும் அதைக் குத்திக்கொண்டுதான் குனிவார்.

இந்த முறை தேர்வு பிப்ரவரியில் தொடங்கியது, கர்னலால்.

கர்னல் எங்கள் நாய். லாப்ரடார், பதினான்கு வயது. ரோலண்டுக்கும் ராணுவத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வீட்டில் ஒரு கர்னல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார், அவ்வளவுதான். கர்னலுக்குப் பிடித்தது இரண்டே விஷயம்: தண்ணீர், பன்றி சாசேஜ். சாசேஜ் இப்போதும் கிடைக்கிறது. தண்ணீருக்கு நடந்து போகத்தான் முடியவில்லை. கால்நடை மருத்துவர் ஒரு இளம்பெண். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். இடுப்பு இரண்டு பக்கமும் போய்விட்டது, மாத்திரை இலையுதிர் காலம் வரைக்கும் தாங்கும், அதற்குப் பிறகு நாம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும் என்றார். எதைப் பற்றி என்று நாங்கள் கேட்கவில்லை. கிளம்பும்போது, "ஒரு தடவ நீந்த விட்டுப் பாருங்க. எடைய தண்ணி தாங்கிக்கும். தண்ணிக்குள்ள அவனுக்கு வயசே தெரியாது" என்றார்.

எங்கள் ஊர் நீர்த்தேக்கத்தைச் சுற்றி வேலி. கால்வாயின் சுவர் செங்குத்து, இறக்கினால் ஏற்ற முடியாது. மெல்ல மெல்ல ஆழமாகும் கரை ஒன்று வேண்டும், இந்தக் கோடைக்குள் வேண்டும். ரோலண்ட் வீட்டுக்கு வந்து புதிய ஃபைல் ஒன்றை எடுத்து அதன்மேல் 'கர்னல்: நீர்நிலை' என்று எழுதினார். பிறகு இருபத்து மூன்று முகாம்களுக்கு, பதினான்கு கேள்விகள் கொண்ட கடிதம் தயாரானது. நாய்களுக்கு அனுமதி உண்டா, கேரவன் நிறுத்தும் இடத்திலிருந்து நீர் எத்தனை மீட்டர், தரையின் சரிவு எத்தனை பாகை, குப்பைத் தொட்டிகள் காற்றின் எந்தத் திசையில் இருக்கின்றன. தட்டச்சு செய்தது நான்.

பதில்கள் வரத் தொடங்கின. 'நாய்க்கு உகந்தது' என்று அட்டையிலேயே போட்டிருந்த ஒரு முகாம், நாயைக் கையில் தூக்கி வைத்திருந்தால் தடையில்லை என்று எழுதியிருந்தது. 'தண்ணீரோரம்' என்ற இன்னொன்றை நேரில் போய்ப் பார்த்தோம். குளியலறைக் கட்டடத்தின் படியில் ஏறி, நுனிக்காலில் நின்றால், கழிவுநீர் நிலையத்தின் தொட்டி தெரிந்தது. ரோலண்ட் மழையில் நின்று அதற்கும் டேப் பிடித்து அளந்தார். முந்நூற்று நாற்பது மீட்டர். நான் காரில் உட்கார்ந்து தெர்மாஸ் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். கர்னல் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

யுர் ஆற்றங்கரையில் ஒரு பண்ணை இருந்தது. ஐந்து கேரவன்களுக்கு இடம், ஒரு குழாய், வேறொன்றும் இல்லை. அவர்கள் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. அதனால் ரோலண்ட் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டுத் தொலைபேசினார். எடுத்தது பண்ணைக்காரரின் மனைவி. பின்னால் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

"நாயா? எங்ககிட்டயே அஞ்சு கெடக்கு. ஆட்டத் துரத்தாதுன்னா கூட்டிட்டு வாங்க."

"தரைச் சரிவு எத்தனை பாகைன்னு சொல்ல முடியுமா?"

"ஆத்தங்கரை சரிவாத்தான் இருக்கும், கண்ணு. இல்லன்னா ஆறு வீட்டுக்குள்ள வந்துடுமே."

ரோலண்ட் நன்றி சொல்லி வைத்துவிட்டு, பண்ணைக்கு எதிரே நூற்றுக்குப் பதினெட்டு மதிப்பெண் என்று எழுதி, பண்ணையின் பெயரை அடித்துவிட்டார். அந்த அம்மாள் சிரித்த விதத்துக்கு நாலு மதிப்பெண் குறைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். நான் பண்ணையின் தொலைபேசி எண்ணை ஒரு பழைய மளிகைச் சீட்டின் பின்னால் எழுதிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

தேர்வானது கம்ப்ரியாவில் ஸ்கார்த்வாட்டர் என்ற ஏரிக்கரை முகாம். தொண்ணூற்றொரு மதிப்பெண். முதல் வரிசை, ஏரிக்குப் பதினோரு மீட்டர், சரளைக் கல் பரப்பிய சமதளம், நாய்க்குத் தனிக் குளியல் குழாய், வரவேற்பறையில் நாய் பிஸ்கட் ஜாடி. பதிலின் கடைசி வரியில், 'இம்முகாமில் சங்கத்தின் மாதிரி விதிகள் முழுமையாகப் பின்பற்றப்படுகின்றன' என்று இருந்தது. அதற்கு மட்டும் பத்து மதிப்பெண். ஏனென்றால் அந்த மாதிரி விதிகளை எழுதியவர் ரோலண்ட். பதினாறு வருடத்துக்கு முன்னால், எங்கள் சாப்பாட்டு மேசையில், நான்கு சாயங்காலங்கள் உட்கார்ந்து எழுதினார். முகாம் விவரம் தெரிந்தவர்களின் கையில் இருக்கிறது என்று அன்று இரவுச் சாப்பாட்டின்போது மூன்று தடவை சொன்னார்.

தண்ணீர் பதினோரு மீட்டர், நாய்க்கு அனுமதி. நாய் தண்ணீருக்குள் போகலாமா என்பது மட்டும் பதினான்கு கேள்விகளில் இல்லை. நானும் கவனிக்கவில்லை. தட்டச்சு செய்கிறவள் படிப்பதில்லை.

ஜூன் இரண்டாம் வாரம் போனோம். கேரவனைப் பின்பக்கமாகத் திருப்பி இடத்தில் செருகுவது எங்கள் கூட்டத்தில் ஒரு பொதுநிகழ்ச்சி. சுற்றியிருப்பவர்கள் மடக்கு நாற்காலியையும் தேநீர்க் கோப்பையையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் உதவ மாட்டார்கள், யாரும் நேராகப் பார்க்கவும் மாட்டார்கள். ஆறாவது முயற்சியில் உள்ளே போனது. பிறகு ரோலண்ட் ரசமட்டம் வைத்துப் பார்த்தார், சக்கரத்துக்கடியில் மரக்கட்டை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நான் கேரவனின் முன்னால் விரிக்கும் துணிப் பந்தலின் கம்பிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கர்னலை இறக்கிக் கம்பளத்தில் படுக்க வைத்தோம். அவன் மூக்கை ஏரிப்பக்கம் திருப்பினான். வால் இரண்டு தடவை தரையில் தட்டியது. பிப்ரவரிக்குப் பிறகு அன்றுதான் அது தட்டியது.

முகாமின் வார்டன் திருமதி டன்ஸ்டால் விதித்தாளோடு வந்தார். ரோலண்டின் சின்னத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாதிரி விதிகளை எழுதிய ஹெப்வொர்த் நீங்கள்தானா, பயிற்சியில் எங்களுக்கு அதை மனப்பாடமாகவே சொல்லிக்கொடுத்தார்கள் என்றார். ரோலண்டின் உயரம் ஓர் அங்குலம் கூடியது. தாளை வாங்கி, குழந்தையின் மதிப்பெண் அட்டையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏழாவது விதியில் நின்றார்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் முடிய எந்த நாயும் நீரின் விளிம்பிலிருந்து பத்து மீட்டருக்குள் அனுமதிக்கப்படாது. இவ்விதிக்கு விலக்கு கிடையாது.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பதினாறு வருடத்துக்கு முன்னால் சங்கத்தின் கோடைக்கூட்டத்தில், ஒரு ஸ்பானியல் ஏரியிலிருந்து ஏறி வந்து, தலைவரின் மனைவி செய்த டிரைஃபிளுக்குப் பக்கத்தில் நின்று உடம்பை உதறியது. அந்தப் பாத்திரம் நிறைய இருந்த கஸ்டர்டும் கிரீமும் யாருக்கும் ஆகாமல் போயின. அதிலிருந்து பிறந்தது ஏழாவது விதி.

"வயசான நாய்ங்கம்மா," என்றார் ரோலண்ட். "டாக்டரே சொல்லியிருக்காங்க."

"கஷ்டமாத்தான் இருக்கு சார்," என்றார் திருமதி டன்ஸ்டால். உண்மையாகவே கஷ்டப்பட்டார். "ஆனா விலக்கு கெடையாதுன்னு நீங்களே போட்டிருக்கீங்களே. அந்த வரி இருக்கறதாலதான் எங்க பொழப்பே ஓடுது. இல்லன்னா ஆளுக்கொரு காரணம் சொல்லுவாங்க."

எங்கள் இடம் பதினோரு மீட்டர். பந்தலுக்கு முன்னால் ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைக் கயிறு கட்டியிருந்தது. கர்னல் அந்தக் கயிற்றின் கீழே மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டான்.

அப்படியே மூன்று நாள். நாய்களுக்கென்று ஒரு நடைபாதை இருந்தது, குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால், வெட்டிவிட்ட புல்லில் முப்பது தப்படி. கர்னல் அங்கே போகவே இல்லை. குளியல் குழாயில் நனைத்துப் பார்த்தோம். திருடன் என்று பிடிபட்டவன்போலத் தலையைக் குனிந்து நின்றான். மழை பெய்தது, நின்றது, பெய்தது. மற்றவர்களின் நாய்களும் அவரவர் பந்தலில் கட்டியிருந்தபடி ஏரியைப் பார்த்தன. தண்ணீரோரத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பு வெளியே நிறுத்தப்பட்டதுபோல இருந்தது. ரோலண்ட் சங்கத்துக்கு எழுதினால் என்ன என்றார். விதிகள் துணைக்குழு அக்டோபரில்தான் கூடும் என்றேன். டாக்டர் சொன்ன இலையுதிர் காலம் அதற்கு முன்பே வந்துவிடும்.

"நீயும் நானும் தூக்கிட்டுப் போயிடலாம்," என்றேன். கர்னல் முப்பத்தொரு கிலோ, எனக்கு மணிக்கட்டில் வலி. தனியாக முடிந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன்.

"நானே எழுதிட்டு நானே மீறினா என்ன சொல்லுவாங்க, ஜாய்ஸ்?"

"யாரு சொல்லுவாங்க?"

அவர் சுற்றிலும் பார்த்தார். பக்கத்துப் பந்தலில் ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார்கள். ரோலண்டுக்கு அவர்கள் எல்லோரும், தான் அசந்தால் கட்டைவிரலைத் தட்டில் வைக்கக் காத்திருக்கும் கசாப்புக்காரர்களாகத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குக் களைப்பாக இருந்தது. உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன்.

நான்காம் நாள், மாலை நான்கு மணி. எல்லோரும் தேநீரோடு வெளியே உட்கார்ந்திருந்த நேரம். கர்னல் தானாக எழுந்தான். முன்கால்கள் எழுந்தன, பின்கால்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்தன. கயிற்றைக் குனிந்து தாண்டினான். நான்கு அடி, ஐந்து அடி. பிறகு பின்பக்கம் மடிந்து சரளைக்கல்லில் உட்கார்ந்துவிட்டான். திரும்பி எங்களைப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு, எழ முயன்றான், உட்கார்ந்தான், எழ முயன்றான்.

குறுக்கெழுத்துக்காரர் நிமிர்ந்தார். பின்னல் ஊசிகள் நின்றன.

ரோலண்ட் நாற்காலியிலிருந்து எழுந்தார். சட்டையிலிருந்த சின்னத்தைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல், சர்க்கரைக் கிண்ணத்தில் போட்டார். "குளிக்கிற டவல எடுத்துட்டு வா," என்றார். டவலைக் கர்னலின் வயிற்றுக்கடியில் விட்டு ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். ரோலண்டின் முதுகு ஒரு சத்தம் போட்டது. வழியில் இரண்டு இடத்தில் நின்றோம். கரைக்கு வந்ததும் நின்றுவிடுவார் என்று நினைத்தேன். காலணியோடு, காலுறையோடு, தொடை வரைக்கும் இறங்கினார்.

டவலை நழுவ விட்டோம்.

கர்னல் ஒரு கணம் முழுகினான். பிறகு தலை மேலே வந்தது. கால்கள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதுபோல, நேராக, அவசரமே இல்லாமல் ஏரியின் நடுவை நோக்கிப் போனான். ஒரு வாத்து விலகி வழிவிட்டது. பெரிய வட்டமாக ஒரு சுற்று. ரோலண்ட் தண்ணீரில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டேப் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை. இரண்டாம் சுற்றின்போது திருமதி டன்ஸ்டால் பலகையில் விதிமீறல் படிவம் செருகி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் படிவமும் எங்கள் சாப்பாட்டு மேசையில் பிறந்ததுதான்.

"பேரு கேக்கணும் சார்," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

ரோலண்ட் சொன்னார்.

"விளக்கம் ஏதாவது இருந்தா, ரெண்டு வரிக்குள்ள சொல்லணும்."

ரோலண்ட் ஏரியைப் பார்த்தார். கர்னல் மூன்றாம் சுற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். "ஒண்ணுமில்லன்னு போட்டுக்குங்க."

"சரி சார். நாளைக்கு மத்தியானம் பன்னண்டுக்குள்ள காலி பண்ணிடுங்க."

"பத்து," என்றார் ரோலண்ட். "பத்து மணின்னுதான் நான் எழுதினேன். பதினொண்ணாம் விதி. பாத்துக்குங்க."

திருமதி டன்ஸ்டால் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டை அடித்துப் பத்து என்று எழுதிக்கொண்டார். நன்றி சொன்னார்.

கர்னலைக் கரையேற்றத் தபால்காரர் வந்து மூன்றாவது கை கொடுத்தார். கர்னல் உதறுவதற்குத் தயாரானான், எல்லோரும் ஓர் அடி பின்வாங்கினோம். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு காதுகளை மட்டும் ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டான். திருமதி டன்ஸ்டால் பின்வாங்கிய அடியைத் திரும்ப எடுத்துவைத்து, பையிலிருந்து வரவேற்பறை பிஸ்கட் ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

நான் ஹீட்டரைப் போட்டேன். கேரவன் முழுக்க ஈர நாய் வாடை. ரோலண்ட் வெறுங்காலோடு கட்டிலில் உட்கார்ந்து, தண்ணீர் சொட்டும் காலணிகளைச் செய்தித்தாளில் சரியாக இணைத்து வைத்தார்.

"அந்த ஆத்தங்கரைப் பண்ணை இருந்துச்சே," என்றார். "நம்பர் போயிருக்கும், இல்ல?"

நான் கைப்பையைத் திறந்து மளிகைச் சீட்டை எடுத்து நீட்டினேன். அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சரிவா இருக்குமே, ஜாய்ஸ்."

"கட்டை வச்சுக்கலாம்," என்றேன். "நீ பேசு. கேள்வி கேக்காதே."