ஒரு வரிக்கு அனுமதி

“அது நம்ம பைபிள்லயே கிடையாதுக்கா. இல்லாத ஒண்ண எப்படி வாசிக்க விடுவேன்?” என்றான் ஜோஜோ.

அப்பா மரியஜோசப் பெட்டிக்குள் கிடந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கழுத்துவரை பூ. பெட்டிக்கு இந்தப் பக்கம் அக்கா அன்னாள், அந்தப் பக்கம் தம்பி ஜோஜோ. செத்த மனுஷனை நடுவில் போட்டுக்கொண்டு பேசுகிற பேச்சா இது என்று அவளுக்கே கூசியது. ஆனாலும் கையிலிருந்த கத்தோலிக்க பைபிளை அவள் மூடவில்லை.

அவளுடைய படிப்பு அப்படிப்பட்ட படிப்பு. கத்தோலிக்கர்கள் இணைத்திருமுறை என்று வைத்துக்கொண்டிருக்கிற, மற்ற சபைக்காரர்கள் ஒதுக்கிவிட்ட பழைய யூத நூல்கள் சில உண்டு. அவற்றில் வரும் கவிதைகளைத்தான் கோயம்புத்தூரில் உட்கார்ந்து வருஷக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருந்தாள். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில் பிறந்த பிள்ளைக்கு இதென்ன கிறுக்கு என்று கேட்காத ஆளில்லை. கேட்காதவர் அப்பா ஒருத்தர்தான். செடிக்கு மருந்தடித்து மருந்தடித்தே நெஞ்சு பாழாகிப்போன மனுஷன், இருமலுக்கு நடுவே ஃபோனில், “இன்னைக்கு என்ன தாயி எழுதுன?” என்பார்.

அப்படி ஒருநாள் அவள் படித்துக்காட்டியதுதான் அந்தத் துக்கப்பாட்டு. இறந்தவருக்காக மனம் கசந்து அழச்சொல்லி ஒரு வரி ஏவும். அதன் கையைப் பிடித்துக்கொண்டே வருகிற மறுவரி, அழுது தீர்த்துவிட்டு மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும். இந்தக் கவிதைகளில் வரிகள் ஜோடியாகத்தான் நடக்கும்; பிரித்தால் இரண்டுமே நொண்டும். அதைப் பற்றியே ஓர் அத்தியாயம் எழுதியிருந்தாள். அப்பாவுக்கு அத்தியாயம் எதற்கு? கேட்டு முடித்ததும் சொன்னார்:

“என் குழிமேட்டுல இத நீ வாசிச்சிரு தாயி. ஒங்கம்மா அழணும்லா. அழுதாத்தான் அவ பொழப்பா.”

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அம்மா கத்தோலிக்கக் கோயிலை விட்டுவிட்டு ஜோஜோவோடு அவன் சபைக்குப் போக ஆரம்பித்து நாளாகிறது. விசுவாசி செத்தால் கைதட்டிப் பாடித்தான் அனுப்ப வேண்டும், அழுதால் விசுவாசம் குறைச்சல் என்று அங்கே பாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார். மகன் மனசு கோணக்கூடாதென்று கடைசியில் அப்பாவும் சபையில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். அதனால் அடக்கமும் சபைக் கல்லறையில்தான். அம்மா காலையிலிருந்து பெட்டியருகே இடித்துவைத்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. பாட்டு வரும்போது கையை மட்டும் தட்டினாள். 

“அப்பா கேட்டதுடா, ஜோஜோ. நான் சரின்னு சொல்லியிருக்கேன்.”

அவனும் கல்நெஞ்சுக்காரன் இல்லை. வெளியே போய்ப் பாஸ்டரிடம் குசுகுசுத்துவிட்டு வந்தான். “ஒத்த வரி வாசிச்சுக்கோ. அதுக்கு மேல என்னால முடியாதுக்கா. நாளைக்கு நான் சபையில தலைகாட்டணும்.”

ஒத்த வரியாம்! அடப்பாவி, எது ஆகாது என்று அவள் இத்தனை வருஷம் எழுதினாளோ அதையே செய்யச் சொல்கிறான். ஜீப்பில் பெட்டியோடு குலுங்கிக்கொண்டு போகிற வழியெல்லாம் அவளுக்கு அதே யோசனை. தேற்றச் சொல்லும் வரியை மட்டும் வாசித்தால் அது சபைக்காரர்கள் பேச்சேதான். அழச் சொல்லும் வரியை வாசித்தாலோ, பிறகு அம்மாவை நிறுத்த ஒன்றுமிருக்காது. அப்பா கேட்டது அம்மாவின் அழுகையை. சரி, அதுவே ஆகட்டும் என்று முடிவு செய்தாள்.

குழிக்குள் பெட்டி இறங்கியதும் பாட்டு நின்றது. அன்னாள் அழச் சொல்லும் வரியை வாசித்தாள். சொல் தெளிவாக விழுந்தது. போடுவதற்கு ஒரு பிடி மண்ணை அள்ளியிருந்த அம்மா அப்படியே நிமிர்ந்தாள்.

“அத யாருட்டி சொன்னா?”

“வேதத்துல இருக்கும்மா.”

“அப்ப அழலாமா?”

“அழலாம்மா.”

ஜோஜோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா வாயைத் திறந்தாள். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது பாருங்கள், அங்கே நின்ற ஒருத்தரும் அதற்கு முன் கேட்டிராத சத்தம். “என்னைய விட்டுட்டுப் போயிட்டீகளே!” என்று குழிமேட்டுச் சேற்றில் விழுந்து புரண்டாள். பாஸ்டர் கையை உயர்த்த, சபை இன்னும் உரக்கப் பாட்டெடுத்தது. அத்தனை கைதட்டலுக்கும் மேலே அம்மாவின் குரல் ஏறி நின்றது.

வீடு திரும்பும் ஜீப்பிலும் அது ஓயவில்லை. தொண்டை கட்டிக் காற்றுமட்டும் வந்தபோதும் அம்மா அழுதாள். கேவிக் கேவி மூச்சு பிடித்து, உதடு நீலம் பாய்ந்தது. ஓட்டிக்கொண்டிருந்த ஜோஜோ திரும்பித் திரும்பிப் பார்த்தான். “நிறுத்தச் சொல்லுக்கா! செத்துருவா போல. நீதான ஆரம்பிச்ச?”

அன்னாள் அம்மாவை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்த மறுவரியைக் காதோரம் சொன்னாள். மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் வரி. கிரேக்கத்திலும் தமிழிலும் அவளுக்கு மனப்பாடமாகியிருந்த வரி.

அம்மா சட்டென்று அழுகையை நிறுத்தினாள். மகளின் முகத்தை யாரோ போலப் பார்த்தாள்.

“பாஸ்டரும் இதத்தானட்டி சொன்னாரு.”

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்னாளின் அணைப்பிலிருந்து மெல்ல விலகி, நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் காலையிலிருந்த அதே வெறிப்பு. அவள் வலக்கை மட்டும் இன்னும் மூடியே இருந்தது. குழியில் போடாமல் விட்ட மண் விரலிடுக்கில் சேறாகக் கசிந்து, வெள்ளைச் சேலையில் சொட்டிக்கொண்டிருந்தது.