ஐந்து டிகிரிக் கைகள்

ஊசியக்காவின் உள்ளங்கைகள் கோடையிலும் மழையிலும் ஐந்து டிகிரியிலேயே இருந்தன. பதினாறு வருஷம் தடுப்பூசிப் பெட்டியைச் சுமந்து வீடு வீடாக நடந்ததில் அப்படி ஆகிவிட்டது என்றார்கள் சுகாதார நிலையத்தில். அதற்குமேல் யாரும் தோண்டித் துருவவில்லை. மருந்து இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்கணும், அவள் கை ஐந்து, நல்லதாகப் போயிற்று. தையல்காரரான அவள் புருஷனுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று தெரியும். கோபமோ பயமோ வந்தால் அந்தக் கை உறையும். தண்ணீர்ச் சொம்பை வாங்கும்போதே, இன்றைக்கு நமக்கு நேரம் சரியில்லை என்று மனுஷன் புரிந்துகொள்வார்.

அவளிடம் ஒரு வீம்பும் இருந்தது. ஒரு குப்பியில் பத்துப் பிள்ளைகளுக்குத்தான் மருந்து. நர்ஸ் பிள்ளைக்குத்தான் முதல் ஊசி என்று யாரும் நாக்குமேல் பல்லுப் போட்டுப் பேசிவிடக் கூடாதென்று, ஒவ்வொரு முகாமிலும் தன் மகளை வரிசையில் கடைசியாக நிறுத்துவாள். குப்பி தீர்ந்துவிடும். அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்பாள். ஐந்து வருஷம் அடுத்த மாசமாகவே ஓடியது.

அந்த வருஷ மழை மின்கம்பங்களைச் சாய்த்தது, பாலத்தையும் கொண்டுபோனது. கூடவே தொண்டை அடைப்பான் வந்தது. தொண்டையில் வெள்ளைத் தோல் படர்ந்து மூச்சை மறிக்கிற நோய். இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். நிலையத்துக் குளிர்பெட்டி செத்துக் கிடந்தது, உள்ளே ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்குமான மருந்து. ஊசியக்கா குப்பிகளை ஒரு பெட்டியில் அடுக்கி மடியில் வைத்தாள், இரண்டு கையையும் உள்ளே விட்டு உட்கார்ந்துவிட்டாள். மேற்பார்வையாளர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கையில் வைக்கக் கூடாதென்று எங்கேயும் இல்லை. வெப்பமானியைப் பெட்டிக்குள் செருகி, "அஞ்சு" என்று குறித்துக்கொண்டார்.

எட்டு நாள் அப்படியே இருந்தாள். மற்ற நர்ஸுகள் தெருத்தெருவாகப் பிள்ளைகளை வரவழைத்து ஊசி போட்டார்கள். புருஷன்தான் சாப்பாடு ஊட்டினார். "கட்டுன நாள்லேர்ந்து இப்பத்தான் கையை ஆட்டாம பேசுற" என்று வம்புக்கு இழுத்து அவளைச் சிரிக்க வைத்தார்.

ஐந்தாம் நாள் மகளுக்குத் தொண்டை வலித்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே வெள்ளை.

மேற்பார்வையாளர் வெப்பமானியைப் பார்த்தார். நாலு. மூன்று. இந்த மருந்து சூட்டில் கெடுவது போலவே உறைந்தாலும் கெட்டுப்போகும்; அப்புறம் பிள்ளைகளுக்கு ஊசி குத்தின வலிதான் மிச்சம். கையை எடுத்தால் சூடேறும், எடுக்காவிட்டால் உறையும். நானூறு பிள்ளைகள் பாக்கி.

"நான் இவளை ஆத்துக்கு அந்தாண்ட பெரியாஸ்பத்திரிக்குப் படகுல தூக்கிட்டுப் போறேன். நீ பெட்டியைப் பாரு" என்றார் புருஷன். முதல்முறையாக அவர் வாயில் கேலி இல்லை.

"பெத்த பிள்ளையைக் கடைசில நிறுத்தினேனே, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று அவள் வாய்விட்டு அழுதாள். வெப்பமானி இரண்டரையைக் காட்டியது.

வரிசையில் முன்னால் நின்றவள், ஊசி போட்டால் காய்ச்சல் வருமென்று வருஷக்கணக்காகக் கதவைச் சாத்தியவள். மகனைப் பெட்டிக்கு எதிரே நிறுத்தினாள். "அக்கா, இவனைப் பாரு. ஏழு தடவை நீ வந்து தட்டியும் நான் திறக்கல. இன்னைக்கு நானே தூக்கிட்டு வந்திருக்கேன்." ஊசி குத்தியதும் பயல் கூரை பறக்கக் கத்தினான். அடைப்பில்லாத, சுத்தமான தொண்டை. அவனுக்குப் பின்னால் வரிசை தெருமுனைவரை போனது. ஒவ்வொரு பிள்ளையும் பிறந்தபோது என்ன எடை என்று ஊசியக்காவுக்குத் தெரியும். கண்ணைத் துடைக்கக் கையில்லாமல் அத்தனை முகத்தையும் பார்த்தாள். இத்தனையும் நான் காப்பாத்துற பிள்ளைங்க என்று நெஞ்சு விம்மியது.

"மூணு" என்றார் மேற்பார்வையாளர். கொஞ்ச நேரம் கழித்து, "நாலு".

மகளுக்கு மருந்து ஏறிவிட்டது, மூச்சு சீராகிவிட்டது என்ற சேதி மறுநாள் படகுக்காரர் வாயாக வந்தது. ஒன்பதாம் நாள் கரண்ட் வந்தபோது ஊரில் ஊசி போடாத பிள்ளை இல்லை. மூன்றாவதாக ஒரு பிள்ளை சாகவும் இல்லை.

மகள் தேறித் திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. நோய் வந்து பிழைத்தவர்களுக்கும் ஊசி உண்டு. அடுத்த முகாமில் ஊசியக்கா பழக்கதோஷத்தில் அவளைக் கடைசிக்கு இழுத்துப் போக, "முதல்ல!" என்று தெருவே அதட்டியது. புதுக் குப்பியின் முதல் மருந்து மகளுக்குப் போயிற்று.

வருஷக் கடைசியில் மேற்பார்வையாளர் இருப்புப் பட்டியல் எழுதினார். குளிர்பெட்டி இரண்டு, ஒன்று கரண்ட் இருந்தால் மட்டும் ஓடும், மற்றது எப்போதும் நல்ல நிலையில், தினம் வீட்டுக்குப் போய் வருகிறது. மேலிடத்தில் படித்துவிட்டு முத்திரை குத்தி அனுப்பினார்கள்.