ஊதிப்போன ரப்பர்

அப்பாவை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். நான்தான் கூட்டிவருவேன், இனி என்னோடுதான் இருப்பார் என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று. சித்தப்பாவுக்கு அதில் சந்தேகம். எனக்கு அவர் வைத்த பெயர் டிகிரி. "டிகிரி வருமா, இல்ல லீவு கெடைக்கலன்னு சொல்லுமா?" என்று கட்டிலருகே நின்று கேட்டாராம். அப்பாவே அதைச் சிரித்துக்கொண்டு போனில் சொன்னார். நான் முன்னறையில் கட்டில் போட்டேன், குளியலறைச் சுவரில் கைப்பிடி அடித்தேன், புதுக் கைத்தடி வாங்கி வைத்தேன்.

சனிக்கிழமை மதியம் டயருக்குக் காற்றடிக்கக் காரை எடுத்தேன். கிளட்சை மிதித்தால் பெடல் கீழே போனது, மேலே வரவில்லை. அடியில் காலைக் கொடுத்து இழுத்துவிட வேண்டியிருந்தது. கியர் கத்தியது, விழவில்லை.

வண்டி என்னைவிட இரண்டு வயது மூத்தது. போன வருஷம் அப்பா கொடுத்த நாளிலிருந்தே கிளட்ச் சரியில்லை. காரணம் நான்தான் என்பது அவர் தீர்ப்பு. "கிளட்ச்லயே கால வெச்சு ஓட்டுற. படிச்சா மட்டும் போதாது." அப்படி ஓட்டுவதில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர்.

தெருமுனை மெக்கானிக் செவ்வாய்க்கிழமைதான் முடியும் என்றார். விடாமல் நின்றதால், எங்கே பார்ப்பது என்று மட்டும் சொன்னார். பெடலுக்குப் பின்னால் ஒரு சிலிண்டர், கீழே கியர்பாக்ஸ் பக்கம் இன்னொன்று, நடுவில் குழாய். மேலே மிதித்தால் ஆயில் போய்க் கீழே தள்ளும். முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கச் சொன்னார்.

அட்டையை விரித்துப் படுத்துப் பார்த்தேன். எங்கும் ஈரமில்லை. எழுந்து கிளட்ச் ஆயில் டப்பாவைத் திறந்தேன். மூடிக்குள் இருந்த ரப்பர் ஊதி நெளிந்திருந்தது. திரும்ப மூடிக்குள் போக மறுத்தது. உள்ளே, கிளட்சுக்கும் ஊற்ற வேண்டிய பிரேக் ஆயிலின் மேல் வேறொரு எண்ணெய் ஒட்டாமல் மிதந்தது. சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பரும் இப்படித்தான் ஊதிச் சிக்கியிருக்கும். நான் வேதியியல் படித்தவள், பெயின்ட் கம்பெனி ஆய்வகத்தில் வேலை. எந்த எண்ணெயில் எந்த ரப்பர் ஊதும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவுக்கு போன் போட்டேன்.

"கிளட்ச் டப்பால என்னப்பா ஊத்துனீங்க?"

"உனக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியா? கொறஞ்சிருந்துச்சு. இஞ்சின் ஆயில் மாத்துனதுல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, அதத்தான் ஊத்துனேன். நல்ல ஆயிலும்மா."

எங்கள் வீட்டில் எதையும் கொட்ட மாட்டோம். மிஞ்சிய பெயின்டை அடித்தே எங்கள் கதவு மூன்று நிறம். அம்மா போன பிறகு மிஞ்சிய அவள் சத்து மாத்திரைகளை அப்பாதான் தின்று தீர்த்தார். இதை நினைத்துச் சிரித்திருக்கலாம். நான் பாடம் நடத்தினேன். இரண்டு ஆயிலுக்கும் என்ன வித்தியாசம், ரப்பர் ஏன் ஊதும், ஒரு வருஷமாக என் காலைத் திட்டினீர்களே, கெடுத்தது உங்கள் கை. நான் வாங்கிய பட்டம் அவரிடம் செல்லுபடியானது அந்த ஒரு முறைதான். அதையும் அவரை அடிக்கத்தான் எடுத்தேன்.

"முப்பது வருஷம் ஓட்டி என்ன பிரயோஜனம்?"

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். பக்கத்துக் கட்டிலாக இருக்கும்.

"சரிம்மா," என்றார். "நீ அலையாத. சித்தப்பா வண்டி கொண்டாரேன்னான். அவன் வீட்லயே இருந்துக்கறேன்."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் போய் இரண்டு சிலிண்டரும் அவற்றின் ரப்பர் குழாயும் வாங்கிவந்தேன். வண்டி ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல. பழையதைக் கழற்றி, இரும்புக் குழாயைப் புது பிரேக் ஆயில் விட்டுக் கழுவி, புதியதை மாட்டினேன். விரல் முட்டிகளில் தோல் போயிற்று.

கடைசியாக, குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கீழே படுத்து, கீழ்ச் சிலிண்டரில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மாடியில் ஒருவர் குடியிருக்கிறார். ஒரு வருஷத்தில் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, இப்போது போய் மிதிக்க ஒரு கால் இரவல் கேட்பதா? கைத்தடியை எடுத்துவந்தேன். பெடலைக் கையால் அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே தடியை முட்டுக்கொடுத்தேன். கீழே போய்த் திறந்தேன், மூடினேன். எழுந்து தடியை எடுத்தேன், பெடலைத் தூக்கினேன், மறுபடி அழுத்தினேன். நாலைந்து சுற்றுக்குப் பிறகு என் வாய் தானாக "மிதி", "விடு" என்றது. வெளியே வந்த ஆயிலில் குமிழி நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது. பெடல் கல்லு மாதிரி நின்றது.

காலையில் ஒன்பதரைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். கட்டிலில் துவைத்த விரிப்பு மாற்றியிருந்தார்கள்.

"எட்டரைக்கே போயிட்டாரும்மா," என்றார் நர்ஸ். "பொண்ணு வந்திருப்பா, வண்டிதான் ரிப்பேர்னு வார்டு முழுக்க சொல்லிட்டுப் போனாரு."

திரும்பும் வழியில் கியர்கள் வெண்ணெயாக விழுந்தன. சித்தப்பா வீட்டுக்கு சிக்னலில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். நேராகப் போனேன். பக்கத்து சீட்டில் கைத்தடி கிடந்தது. கியர் மாற்றாத நேரமெல்லாம் இடது காலைக் கிளட்சிலிருந்து நன்றாகத் தள்ளியே வைத்திருந்தேன். பார்க்கத்தான் ஆளில்லை.