ஒன்பதாம் வகுப்பில் முளைத்த ஊர்

1

இந்தக் கதையில் ஒரு வாக்கியம் மட்டும்தான் எனக்குக் கிடைத்தது. பம்பாய் மாட்டுங்காவில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் ஷ்யாமளா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. "ஒரு மழை நாள்ல என் கிளாஸ் ரூம்ல ஒரு ஊர் முளைச்சுதுன்னா நம்புவேளா?" என்றார். நம்புகிறேன் என்று நான் சொல்வதற்குள் யாரோ அவரைப் போட்டோவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மீதியை நானே கட்டினேன். சுவர் எங்காவது கோணலாக இருந்தால் பழி என்னுடையது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய அந்த ஜூலை மாதக் காலையில் ஷ்யாமளா தன் குடையை—"

அடித்துவிட்டேன். பம்பாயில் ஜூலையில் மழை பெய்தது என்பது ஒரு செய்தியா?

இரண்டாவது தொடக்கம்: "மக்கள்தொகை மாற்றத்துக்குக் காரணங்கள் மூன்று: பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு." இது இருக்கட்டும். கரும்பலகையில் ஷ்யாமளாவின் கையெழுத்தில் அன்று இருந்த வரி இதுதான்.

அறுபதுகளின் நடுப்பகுதி. தாராவியின் ஓரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி; மாடியில் ஒன்பதாம் வகுப்பு. மாட்டுங்காவிலிருந்து பஸ்ஸில் வந்து பூகோளம் நடத்துகிற ஷ்யாமளாவுக்கு இளம் வயது. மக்கள் எங்கே, ஏன் குடியேறுகிறார்கள் என்ற இந்தப் பாடம் அவளுக்கே பிடிக்காது. குழுமிய குடியிருப்பு, நேர்கோட்டுக் குடியிருப்பு, சிதறிய குடியிருப்பு என்று சொல்லிக்கொடுத்தபோது முன் பெஞ்சுக் கனகவள்ளி எழுந்து நின்றாள்.

"சிதறினதுன்னா எப்படி டீச்சர்? நம்ம பக்கம் அப்படி ஒண்ணும் காணலியே."

"புஸ்தகத்துல படம் இருக்கு பாரு."

"படத்துல வெறும் புள்ளியால்ல இருக்கு."

வகுப்பு சிரித்தது. ஷ்யாமளா புத்தகத்தைப் புரட்டினாள்; வேறு படம் இல்லை. (என்னிடமும் இல்லை. அதனால்தான் தண்ணீரை உள்ளே விட்டேன்.)

3

மதியத்துக்கு முன்பே தண்ணீர் கீழ்த்தள வகுப்புகளில் புகுந்துவிட்டது. ரயில் நின்றுபோயிற்று, பஸ் இல்லை என்றார்கள். ஹெட்மாஸ்டர் பிள்ளைகள் எல்லாரையும் மாடிக்கு ஏற்றினார். பிறகு பெரியவர்கள் வரத் தொடங்கினார்கள். குடிசைகளில் இடுப்பளவுத் தண்ணீர்.

முதலில் வந்தவர் கனகவள்ளியின் அப்பா செல்லத்துரை, மளிகைக்கடைக்காரர். அரிசி மூட்டைகளை ஆள் வைத்து ஏற்றி, கூரை ஒழுகாத ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டார். அடுத்து அதே வகுப்பில் படிக்கும் நூர் நிஷாவின் வீட்டார். அவளுடைய வாப்பாவுக்குத் தோல் கிடங்கில் வேலை. அவர்கள் பின் மூலைக்குப் போய் இரண்டு பெஞ்சுகளைக் கவிழ்த்துச் சுவராக்கிக்கொண்டார்கள். குஜராத்தி பேசும் குயவர் குடும்பங்கள் மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்றைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தன. பிந்தி வந்தவர்களுக்கு ஒழுகும் சுவர்தான் மிஞ்சியது. அதையொட்டி வரிசையாகச் சாய்ந்தார்கள். தனி ஆட்கள் அங்கொருவர் இங்கொருவராகப் பெஞ்சுகளில் தொற்றிக்கொண்டார்கள்.

யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் வாசலிலிருந்து ஜன்னல்வரை, குடத்தோடு ஓர் ஆள் நடந்துபோகும் அளவுக்கு ஒரு வழி மட்டும் காலியாகவே இருந்தது. யாரும் போடாத தெரு.

கையில் சாக்பீஸோடு நின்ற ஷ்யாமளாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாரக்கணக்காக அவள் மூச்சைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது கண்ணெதிரே தானாக நடந்துகொண்டிருந்தது.

"கனகவள்ளி, அங்க பாருடி! நீ கேட்டியே, சிதறினது. அந்தப் பெஞ்சுல ஒரு புள்ளி, இந்தப் பெஞ்சுல ஒரு புள்ளி…"

கனகவள்ளி பார்த்தாள். "புள்ளியில்ல டீச்சர். நம்ம பால்காரரு. எரும எங்க போச்சோன்னு அழுதுட்டு இருக்காரு."

4

[செல்லத்துரையை முதல் பிரதியில் கெட்டவராக எழுதியிருந்தேன். மீசையை முறுக்கவிட்டு, அரிசியை ஒன்றுக்கு இரண்டாக விற்கவும் வைத்தேன். அவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்து வருவதைப் படித்தால் ஏன் என்று தெரியும்.]

5

கடைசியாக ஏறி வந்தார்கள் சுயம்புவும் மாடத்தியும். ஊரிலிருந்து வந்து அதிக நாள் ஆகவில்லை. காடி என்று அங்கே சொல்கிற கடற்கழியின் கரையில், குப்பை கொட்டி மேடாக்கிய புது நிலத்தில் குடிசை. அதுதான் முதலில் மூழ்கியது. மாடத்தி நிறைமாதம். படியேறியதில் முகம் வெளுத்திருந்தது.

சுயம்பு செல்லத்துரையிடம் போனான். "அண்ணாச்சி, கொஞ்சம் நவுந்துக்கிடுங்க. பிள்ளத்தாச்சி, நிக்க முடியல."

"எங்கன நவுர? பின்னால சன்னலு, முன்னால மூட்ட. இது நனஞ்சா பெறவு இத்தன பேரும் என்னத்தத் திங்க? பக்கத்து ரூமுல பாரு."

"அங்க கேட்டா இங்க போன்னு சொல்லுதாவ."

இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. அவரவர் தங்கள் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டார்கள். யாராவது ஏதாவது செய்ய மாட்டார்களா என்று ஷ்யாமளாவும் காத்திருந்தாள். மாடத்தி கதவு நிலையைப் பிடித்தபடி மெல்லச் சரிந்தாள்.

அப்போது நூர் நிஷா சொன்னாள்: "டீச்சர், மேடை சும்மாதானே கெடக்கு."

ஷ்யாமளா குனிந்து பார்த்தாள். கரும்பலகைக்கு முன்னால் நீளமான மரமேடை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அவள். அந்த அறையிலேயே பெரிய நிலம் அதுதான். மரியாதைக்காக ஒருவரும் அதில் கால் வைக்கவில்லை. எல்லாருடைய குடியேற்றத்தையும் அங்கே நின்று பார்த்தவள், தானும் ஓர் இடத்தில் நிற்கிறோம் என்பதை நினைக்கவே இல்லை.

இறங்கினாள். ஈரத்தரை பாதத்தில் சில்லென்றது.

"இங்க வாங்கோ. படுத்துக்கோங்கோ."

"டீச்சரு நிக்குத எடமாச்சே," என்றாள் மாடத்தி. வலியிலும் கூச்சம்.

"நான் எங்க வேணா நின்னுப்பேன். வாங்கோ."

மேஜையைத் தூக்க முதலில் வந்தது செல்லத்துரைதான். ஒரு மூட்டையின் அரிசியைக் குயவர்களின் புதுப்பானைகளில் கொட்டிவிட்டு, காலிச்சாக்கை உதறி மேடையில் விரித்தார். யாரோ ஒரு சேலையைக் குறுக்கே கட்டினார்கள். திரை விழுவதற்கு முன் கனகவள்ளி மேடையில் ஏறி, மாடத்தியின் தலைக்கு நேர் மேலே பலகையில் இருந்த 'இறப்பு' என்ற சொல்லை உள்ளங்கையால் அழித்துவிட்டு இறங்கினாள்.

6

பிறகு நடந்தது ஷ்யாமளாவின் புத்தகத்தில் இல்லை.

"மேடை வீட்டுக்கு வெந்நி வேணுமாம்!" என்று ஒரு குரல்.

"பெஞ்சு வீட்டுல ஸ்டவ் இல்ல, வட்டத்துல கேளு!"

மேடை வீடு. பெஞ்சு வீடு. வட்டம். காலையில் இல்லாத பெயர்கள். யார் வைத்தார்கள்? எப்போது? எல்லாரும் எத்தனையோ காலமாக அப்படியே சொல்லிவருவதுபோல் சொன்னார்கள். வழி கேட்டவருக்கு வழி தெரிந்தது.

ஷ்யாமளா நடைவழியில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். வெந்நீரோடு போகிறவர்களுக்காக அடிக்கடி ஒதுங்க வேண்டியிருந்தது. செல்லத்துரை அதைக் கவனித்தார்.

"என்ன டீச்சர், தெருவுல உக்காந்திருக்கிய? இங்கன வாங்க." மீதி மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஜன்னலோரத்தில் ஒரு முழம் இடம் பிறந்தது.

(இங்கே "அன்றுதான் ஷ்யாமளா பம்பாய்க்கு வந்து சேர்ந்தாள்" என்று எழுதியிருந்தேன். பெருமையாகவும் இருந்தது. நீக்கிவிட்டேன்.)

அங்கே உட்கார்ந்து வெளியே பார்த்தாள். மழை சற்றே விட்டிருந்தது. தண்ணீருக்கு மேல் தகரக் கூரைகளும் ஓட்டுக் கூரைகளும் கண்ணுக்கு எட்டியவரை ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு நின்றன. தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற இடம். ஒவ்வொரு கூரைக்கும் பின்னால் கதவு நிலையைப் பிடித்தபடி ஒருத்தி நின்றிருப்பாள். ஒருவர் சாக்கை உதறி விரித்திருப்பார். யாரோ ஒரு பெயர் சொல்லியிருப்பார்கள். இத்தனை கூரைக்கும் அப்படித்தானா? கைகூப்ப வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கூப்புவது என்று தெரியவில்லை.

7

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில், சாயங்காலம் திரைக்குப் பின்னால் குழந்தை அழுகிறது. அறையே எழுந்து நிற்கிறது. அந்த ஊரில் பிறந்த முதல் ஆள் என்று கனகவள்ளி— இல்லை, அழகாக இருக்கிறது, அதனாலேயே நம்ப முடியவில்லை.

மற்றொன்றில், தண்ணீர் வடிகிறது. ஆஸ்பத்திரி வண்டி வந்து மாடத்தியை ஏற்றிக்கொள்கிறது. ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். பெஞ்சுகளை நிமிர்த்துகிறார்கள். பால்காரர் எருமையைத் தேடிப் போகிறார். வெறும் அறையில் ஷ்யாமளா அந்தத் தெருவழியே, இப்போது இல்லாத வீடுகளை மிதிக்காமல் நடந்து— இதுவும் வேண்டாம். யாரையும் வெளியே அனுப்ப எனக்கு மனமில்லை.

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். திரைக்குப் பின்னால் மாடத்தி பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். நூர் நிஷாவின் அம்மா அவள் கையைப் பிடித்திருக்கிறாள். வட்டத்தில் பானை கொதிக்கிறது. படியில் இன்னும் காலடிச் சத்தம் கேட்கிறது. அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்கிறது. இடம் இல்லைதான். பரவாயில்லை, பார்த்துக் கால் வையுங்கள், இப்போதுதான் சோறு இறக்கி வைத்திருக்கிறார்கள்.