எட்டு மணியின் ஸ்பாஞ்ச்

கண்வலி வந்து பத்து நாள் வீட்டில் கிடந்துவிட்டு நான் வேலைக்குத் திரும்பிய காலையில், எட்டு மணியின் முகத்தில் ஒரு பருகூட இல்லை.

எட்டு மணி என்பது எங்கள் தொலைக்காட்சி நிலையத்தில் காலை எட்டு மணிச் செய்தி வாசிக்கிறவளுக்கு எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர். பதினோரு வருடமாக அந்தச் செய்தியை அவள்தான் வாசிக்கிறாள். பதினோரு வருடமாக ஆறரை மணிக்கு அவள் முகம் என் கைக்கு வருகிறது. வந்த புதிதில் அவளுக்கு இருபத்து மூன்று வயது. நெற்றியில் எண்ணெய் வழியும், லேசில் பரு கிளம்பும் தோல். பார்த்துப் பார்த்து மேக்கப் பூசுவேன். எனக்கும் ஒரு பெயர் உண்டு, வெள்ளையடிக்கிற அக்கா. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

“என்னக்கா, ஆளக் காணோம்னு கண்ணாடி கேட்டுக்கிட்டே இருந்துச்சு” என்றபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தை விளக்குப் பக்கம் திருப்பிக் காட்டினாள். “பாத்தீங்களா? சுத்தமா போயிடுச்சு. பாலை நிறுத்தினேன்ல, அதான்.”

இரண்டு வருடமாக அவள் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தாள். முதலில் சாக்லேட், பிறகு முட்டை, கடைசியாகப் பால். தலையணை உறையைத் தினமும் மாற்றினாள். நெற்றியில் விழுந்த முடியை ஒட்ட வெட்டிக்கொண்டாள். வீட்டுக்காரரின் தாடி குத்துவதால்தான் கன்னத்தில் வருகிறது என்று யாரோ சொல்ல, அந்த மனிதர் பதினைந்து வருடமாக வளர்த்த தாடியை மழித்துவிட்டு, போலீஸிடம் மாட்டிக்கொண்டவர் மாதிரி ஒரு வாரம் திரிந்தார். பருக்கள் எதற்கும் அசையவில்லை. தாடை ஓரத்தில் வரிசை கட்டி வந்தன. உள்ளே கட்டியாக நின்று, தொட்டாலே வலிக்கிற வகை. வர வர நான் இன்னும் தடிமனாகப் பூசினேன்.

“எனக்குப் பதிலா வந்தவ எப்படிம்மா பூசினா?” என்று கேட்டேன்.

“பார்லர்லேர்ந்து ஒரு பொண்ணு. ஸ்பாஞ்ச் எங்கேன்னு தேடினா, உங்க டிராயர் பூட்டிக் கெடக்கு. அப்புறம் கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு, ரெண்டே சொட்டு பவுண்டேஷன் எடுத்து விரலாலயே தேச்சு விட்டா. ஸ்கிரீன்ல ஒரு வித்தியாசமும் தெரியல.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சும்மா சொன்னேன்க்கா. உங்க கை மாதிரி வருமா?”

நான் சிரித்தேன். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து டிராயரைத் திறந்தேன்.

அதில் அவளுடைய டப்பா இருந்தது. மூடியில் நீலப் பூப்போட்ட சின்னத் தகர டப்பா. மற்றவர்களின் ஸ்பாஞ்சுகள் கண்ணாடிக்குக் கீழே திறந்த தட்டில் விளக்குச் சூட்டில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் விளையாட்டுச் செய்தி வாசிக்கிறவர் அவளுடைய ஸ்பாஞ்சை எடுத்துக் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அன்றைக்கே புது ஸ்பாஞ்ச் வாங்கி, அவளுக்கென்று தனி டப்பா போட்டேன். தினமும் வேலை முடிந்ததும் குழாயில் அலசி, பிழிந்து, டப்பாவில் வைத்து, மூடியை அழுத்தி, டிராயரைப் பூட்டுவேன். அந்த நிலையத்தில் வேறு யாருக்கும் நான் இப்படிச் செய்ததில்லை.

மூடியைத் திறந்தேன். மழைக்காலத்தில் மூட்டையாகக் கட்டி மறந்துபோன துணியின் வாடை அடித்தது.

உடனே மூடினேன். அவள் கண்ணை மூடி, முகத்தைச் சற்று உயர்த்தி, வழக்கம்போலக் காத்திருந்தாள். எனக்குக் கணக்குப் போடவே தேவையிருக்கவில்லை. தாடையில் பருக்கள் தொடங்கியது டப்பா வந்த பிறகு. போனது, டப்பா பூட்டிக் கிடந்த பத்து நாளில். தினம் தினம் ஈரத்தை மூடி வைத்து, மறுநாள் காலையில் அதையே அவள் முகத்தில் ஒற்றி எடுத்திருக்கிறேன்.

“அஞ்சு நிமிஷம்!” என்று வாசலில் குரல் கேட்டது. அது எங்கள் ஃப்ளோர் மேனேஜர். அந்த இரண்டு சொல்லைத் தவிர அவர் வாயில் வேறு அதிகம் வராது என்பதால் அவர் பெயரே அஞ்சு நிமிஷம்.

எனக்குப் பத்து விரல் இருந்தது. தட்டில் விளக்குச் சூட்டில் காய்ந்த ஸ்பாஞ்சுகள் இருந்தன. ஆனால் நானும் விரலால் பூசினால் ஏன் என்று கேட்பாள். பத்து நாள் வந்துபோன பார்லர் பெண்ணிடம் நான் தொழில் கற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இப்படி ஏதோ ஓடியது மனதில். ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றி அந்த ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழிந்தேன். பிறகு அதாலேயே பூசினேன்.

மூன்றாம் நாள் தாடையில் இரண்டு வந்தன. ஐந்தாம் நாள் நான்கு.

அதற்குள் நான் புது ஸ்பாஞ்ச் வாங்கிவிட்டேன். பழையதை டப்பாவோடு டிராயரின் அடியில் தள்ளினேன். தூக்கி எறியவும் கை வரவில்லை. புதியதைத் திறந்த தட்டில் வைத்தேன், அவள் கவனிக்கவில்லை. ஆனால் கிளம்பிவிட்ட பரு, நான் ஸ்பாஞ்சை மாற்றினேன் என்பதற்காகத் திரும்பிப் போய்விடாது. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தாடை பழையபடி ஆகியிருந்தது. பருவை மறைக்கிற கன்சீலரை நான் தொட்டுத் தொட்டு வைக்கும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“வலிக்குதாம்மா?”

“பழகிடுச்சு. டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன்க்கா. இனிமே கிரீமெல்லாம் வேலைக்காகாது, மாத்திரைதான்னு சொல்லிட்டார். திங்கக்கிழமையிலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.”

“ஆரம்பிச்சிட வேண்டியதுதானே” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

“அதுல ஒண்ணு இருக்கு. அந்த மாத்திரை சாப்பிடற வரைக்கும் கொழந்த தங்கக்கூடாதாம். கொழந்தைக்கு ஆபத்தாம். முடிஞ்சப்புறமும் அவர் சொல்ற வரைக்கும் பொறுக்கணும். எப்படியும் ஒரு வருஷம் போயிடும்.” கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “இந்த வருஷம்னு முடிவு பண்ணியிருந்தோம். சரி, கொழந்தைகிட்ட இன்னும் கொஞ்ச நாள் வெயிட்டிங் லிஸ்ட்ல இருன்னு சொல்லிட்டோம்.”

நான் பவுடர் பஃப்பைத் தட்டிக்கொண்டே இருந்தேன், தூள் பறந்தது.

“முகத்துல என்ன போடறீங்கன்னு டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். அத மட்டும் விடுங்க டாக்டர், எங்க அக்கா எனக்குன்னு தனி டப்பாவே வெச்சிருக்காங்க, அவங்க கையில குத்தமே வராதுன்னுட்டேன்.”

அன்று அவள் முகத்துக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மகளிடம் பேச்சுக் கொடுத்தேன். அவள் கல்லூரியில் படிக்கிறாள், எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

“எங்க ஆபீஸ் பக்கம் ஒருத்தி, ஸ்பாஞ்ச ஈரத்தோட மூடி வெச்சு பூசியிருக்கா. அதனால பரு வருமா?”

“வராம? ஈரத்த மூடி வெச்சா என்ன ஆகும்னு ஆறாங்கிளாஸ் புக்லயே போட்டிருக்கு. அந்த அம்மா ஸ்கூல் பக்கமே போகலையா?” என்றவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். “அந்த ஒருத்தி இந்த வீட்லதான் இருக்காங்களாம்மா?”

நான் மடித்த சட்டையையே எடுத்து மறுபடி மடித்தேன்.

“சொல்லிட்டீங்களா?”

“சொன்னா என் வேலை என்ன ஆகும்?”

“சொல்லலன்னா அவங்க என்ன ஆவாங்க?” என்று கேட்டுவிட்டு அவள் எழுந்துபோனாள். மாத்திரை விஷயத்தை நான் அவளிடம் சொல்லவே இல்லை. அது தெரியாமலேயே கேட்டாள்.

திங்கட்கிழமை எட்டு மணி உற்சாகமாக வந்தாள். பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசையில், பவுடர் டப்பாக்களுக்கு நடுவே வைத்தாள். “நியூஸ் முடிஞ்சதும் சாப்பிட்டுட்டுப் போடணும். ஞாபகப்படுத்துங்கக்கா, நான் மறந்துடுவேன்.”

வலது கன்னம் முடித்தேன். அட்டை பளபளத்துக்கொண்டே இருந்தது. இடது கன்னத்துக்குக் கை போகவில்லை.

“கண்ணத் தொறம்மா.”

“என்னக்கா?”

“அந்த மாத்திரைய இன்னிக்குப் போடாத.”

“ஏன்?”

“பால் இல்ல. முட்டை இல்ல. உன் வீட்டுக்காரர் தாடியும் இல்ல. நான்தான்.” டிராயரைத் திறந்து, அடியிலிருந்த டப்பாவை எடுத்து, மூடியைக் கழற்றி அவள் முன்னால் வைத்தேன். வாடையே மீதியைச் சொல்லிவிட்டது. அவள் தலை பின்னால் போனது.

“இதையா என் மூஞ்சில…”

“வேற யாரும் தொடக்கூடாதுன்னுதான் பூட்டி வெச்சேன். தினம் கழுவித்தான் வெச்சேன். காய வெக்கணும்னு தோணவே இல்ல. சத்தியமா தெரியாது.”

அவள் ஸ்பாஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள். “எப்போ தெரிஞ்சுது?”

நேற்று என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் வாய் வரைக்கும் வந்தது.

“கண்வலி முடிஞ்சு வந்த அன்னிக்கு.”

“அன்னிக்கு எதால பூசினீங்க?”

“இதாலதான்.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.”

“அஞ்சு நிமிஷம்!” அஞ்சு நிமிஷம் தலையை உள்ளே நீட்டினார். “என்னம்மா, ஒரு பக்கம்தான் ஆயிருக்கு? மீதிய நாளைக்குக் காட்டப்போறீங்களா?” யாரும் சிரிக்காததைப் பார்த்துத் தலையை இழுத்துக்கொண்டார்.

நான் இடது கன்னத்துக்குக் கையை நீட்டினேன். “இருக்கட்டும்” என்றாள். எழுந்து கை கழுவிவிட்டு வந்தாள். பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டைப் புறங்கையில் விட்டு, கண்ணாடிக்குக் கிட்டப் போய், மீதி முகத்தைத் தானே பூசிக்கொண்டாள். பழக்கமில்லாத விரல்கள் காதோரத்தில் திட்டு விட்டன. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேக்கப் அறையின் சின்ன டிவியில் அவள் செய்தி வாசித்தாள். ஒரு சொல்லில்கூடத் தடுமாறவில்லை. வலப்பக்கம் என் கை, இடப்பக்கம் அவள் கை. பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. மூக்கின் ஓரமாக என் கை நின்றுபோன இடம் எனக்கு மட்டும் தெரிந்தது.

செய்தி முடிந்து வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. கழுவும் தொட்டியில் முகத்தைக் கழுவினாள். மாத்திரை அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

“சாயந்திரம் டாக்டர்கிட்ட நீங்க வந்து சொல்லுங்க. உங்களப்பத்தி நான் அன்னிக்குச் சொன்னத நானே மாத்திச் சொல்ல முடியாது. டப்பாவையும் எடுத்துட்டு வாங்க.”

அக்கா என்ற சொல் வரவில்லை. பதினோரு வருடத்தில் முதல் முறை.

சின்ன கிளினிக். வரிசையில் எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு காலி நாற்காலி இருந்தது. நான் சொல்லச் சொல்ல டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். டப்பாவைத் திறந்து ஒரு தடவை முகர்ந்துவிட்டு மூடினார்.

“எல்லாமே இதனாலதான்னு நான் சொல்லமாட்டேன். இவங்க தோலே கொஞ்சம் அப்படித்தான். ஆனா இத வெச்சுக்கிட்டு மாத்திரை குடுக்கறது, தண்ணி ஒழுகற சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற மாதிரி” என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். “ஆறு வாரம் பாக்கலாம். எண்ணெய்ப் பசை இல்லாத லேசான பவுண்டேஷன், சுத்தமான விரல். வேலை முடிஞ்சதும் கழுவிடணும், தேய்க்கக் கூடாது. எதால பூசினாலும் நல்லா சோப்பு போட்டு அலசி, காத்துல காயணும். அப்பவும் அடங்கலன்னா மாத்திரை ஆரம்பிப்போம்.”

திரும்பும்போது அவள் ஒரு பஸ்ஸில் போனாள். அதில் இடம் இருந்தும் நான் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.

இப்போது ஐந்து வாரம் ஆகிறது. அவள் என்னைப் பற்றி மேலே யாரிடமும் புகார் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று சில காலைகளில் தோன்றுகிறது. ஆறரைக்கு வருகிறாள், குட்மார்னிங் சொல்கிறாள். மூலைக் கண்ணாடி முன்னால் நின்று, தன் பையிலிருந்து எடுத்துத் தானே பூசிக்கொள்கிறாள். முதல் இரண்டு வாரம் விரலால், இப்போது தன் சொந்த ஸ்பாஞ்சால். ஆரம்பத்தில் கழுத்துக்கும் முகத்துக்கும் ஒட்டவே ஒட்டாது. “தாடைக்குக் கீழ கொஞ்சம்” என்பேன், இழுத்துவிட்டுக்கொள்வாள். இப்போதெல்லாம் அதற்கும் அவசியமில்லை. தாடையில் பழைய தழும்புகள் பழுப்பாகத் தெரிகின்றன. புதிதாக ஒன்றே ஒன்று, அதுவும் சின்னது. தூரத்திலிருந்து தினமும் எண்ணுகிறேன். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

இன்றைக்குச் செய்தி முடிந்ததும் ஸ்பாஞ்சை நுரை போகும்வரை அலசி, பிழிந்து, ஜன்னல் கம்பியில் ஒரு கிளிப்பில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனாள். ஜன்னல் திறந்திருந்தது. விளையாட்டுச் செய்தி வாசிக்கிறவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, துணி ஏதாவது இருக்கிறதா என்று அங்குமிங்கும் பார்த்தார்.

என் கை தானாக நீண்டது. கழற்றி எடுத்துப் பத்திரமாக எங்காவது வைத்துவிட.

கையை இழுத்துக்கொண்டேன். அவருக்கு ஒரு பழைய துண்டை எடுத்துக் கொடுத்தேன். பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அது காயும்வரை உட்கார்ந்திருந்தேன்.