கேம்ஷாஃப்டுகளுக்கு எண்ணெய் வைத்த சனிக்கிழமை

பைக் இன்ஜினின் தலைக்குள் சுற்றும் புதிய கேம்ஷாஃப்டுகள் இரண்டும் காலையிலேயே வந்துவிட்டன. பெட்டியைத் தாங்களே பிரித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தன. காற்றை உள்ளே இழுக்கும் இன்டேக் ஜன்னலோரம். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் மின்விசிறிக்கு நேர் கீழே. சாப்பிட்டாயிற்றா என்று கேட்டேன். வழியிலேயே ஆயிற்று என்றன.

டர்ட் பைக் ஹாலில் டீப்பாய்மேல் நின்றது. இன்ஜினின் தலையை நேற்றே திறந்து வைத்திருந்தேன். வண்டி என் மனைவி தாரணியுடையது. அவள் மண் பந்தயம் ஓட்டுகிறாள். வண்டியைக் கவனித்துக்கொள்வது என் வேலை. கல்யாணத்தின்போது இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசி முடித்த ஏற்பாடு அது.

பந்தயத் திடலும் வந்துவிட்டிருந்தது. வாசலில் நின்றது. மேடு பள்ளங்களைக் கூடவே கூட்டி வந்திருந்தது. பெரிய மேடு எதிர்வீட்டு கேட்டை மறித்துவிட்டது. அவர்கள் அதன்மேல் ஏறி இறங்கிப் பால் வாங்கப் போனார்கள். எங்கள் தெருவில் இதற்கெல்லாம் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

தாரணி பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். போன இரண்டு பந்தயத்திலும் வண்டி பாதியில் நின்றுவிட்டது. பழைய கேம்கள் தேய்ந்திருந்தன.

"இன்னைக்கும் நின்னுதுன்னா அடுத்த தடவைக்கு எங்க சித்தப்பா பையனைக் கூட்டிக்கிறனுங்க. நீங்க வீட்லயே இருந்துக்கங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அந்தப் பையனுக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. ஆனால் அழகாகச் சிரிப்பான். அவள் ஓட்டும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த வயதில் எனக்கு வேறு ஆசை கிடையாது.

சிக்கல் இதுதான். வண்டியை உதைத்ததும் கேம் சுற்ற ஆரம்பித்துவிடும். அடியில் இருக்கும் எண்ணெய் மேலே ஏறி வரச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டால் புதுக் கேம் பழசாகிவிடும். அதனால் முன்கூட்டியே எதையாவது பூசி வைக்க வேண்டும். எதைப் பூசுவது என்று கேம்களிடமே கேட்டேன்.

"நாங்க எப்படிங்க வாய்விட்டுச் சொல்றது?" என்றது எக்ஸாஸ்ட்.

இன்டேக் ஜன்னலைப் பார்த்துக்கொண்டது. மாப்பிள்ளை முறுக்கு. முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்சில்கூட ஏறாத அளவு முறுக்கு.

அப்போது கீழிருந்து நஞ்சப்பண்ணன் ஏறி வந்தார். அவர் எங்கள் கீழ்வீட்டுக்காரர். ஆடி மாதத்தில் கிளட்ச் ஆகிவிட்டார். குடும்பம் சமாளித்துக்கொள்கிறது. பெரிய மகள் மட்டும் கொஞ்சநாள் அழுதாள். எங்கள் வண்டியில் மேலே ஊற்றும் எண்ணெய்தான் வழிந்து கிளட்சுக்கும் போகும். ஆகவே இந்த விஷயத்தில் பேச அவருக்கு முழு உரிமை உண்டு.

"மாப்ளே, மேல என்ன வேணாலும் பூசிக்க. ரொம்ப வழுக்கறதா மட்டும் ஊத்தீராத. எனக்குப் புடி நிக்காது" என்றார்.

போன வாரம் டீ டம்ளர்கூடக் கையில் நிற்கவில்லையாம். பார்க்கப் பாவமாக இருந்தது. மேலே வழுக்க வேண்டும், கீழே வழுக்கக் கூடாது. ஒரே எண்ணெய். நான் எண்ணெய் ஆபீசுக்குக் கிளம்பினேன்.

எண்ணெய் ஆபீஸ் எங்கள் வீட்டு நடையின் கடைசியில், சமையலறையைத் தாண்டி இருக்கிறது. சனிக்கிழமைகளில் நடை நீண்டுவிடும். நடக்க நடக்கச் சமையலறை வரவே இல்லை. நல்லவேளையாக ஒரு பஸ் வந்தது. பூஜையறையில் நிறைய பேர் இறங்கினார்கள். எனக்கு உட்கார இடம் கிடைத்தது.

எண்ணெய் அதிகாரியின் பெயர் தணிகாசலம். அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார்.

"எதுக்குங்க எண்ணெய்?"

"ஹெட்டுக்குங்க."

"தலைக்கா?"

"தலைக்குத்தானுங்க."

"ஆம்பளையா, பொம்பளையா?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. ஒன்று மூச்சை உள்ளே இழுக்கும், இன்னொன்று வெளியே விடும் என்றேன். அவர் கண்ணை மூடி இரண்டையும் செய்து பார்த்தார். இழுப்பது பெண், விடுவது ஆண் என்று முடிவு செய்தார். சனிக்கிழமை ஆண்கள் எண்ணெய் வைத்துக்கொள்ளலாம். பெண்ணுக்கு வெள்ளிக்கிழமைதான்.

நான் பதறிப்போனேன். இரண்டும் சேர்ந்துதான் சுற்றும், நடுவே சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறது என்றேன்.

"தாலிங்களா?"

"டைமிங் செயினுங்க."

"அப்பத் தாலிதான்."

அவர் மனம் இளகிவிட்டது. ஆபீசின் பின்வாசலில் இன்னும் வெள்ளிக்கிழமைதான், நேற்றுப் பூட்ட மறந்துவிட்டோம், அங்கே போய்ப் பெண்ணுக்கும் வாங்கிக்கொள்ளலாம் என்றார். அரசாங்க ஆபீசில் இவ்வளவு நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை.

முதலில் நல்லெண்ணெய் காட்டினார். மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சியது. வாசனையில் எனக்கே உட்கார்ந்து தேய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. விரலில் ஒரு சொட்டு விட்டேன். மணிக்கட்டு வழியாக இறங்கி முழங்கைக்கு வந்துவிட்டது. உதைக்கும்வரை நிற்காது.

அடுத்து விளக்கெண்ணெய். அது நின்றது. நன்றாகவே நின்றது. ஆனால் அடியில் ஊற்றும் இன்ஜின் ஆயிலோடு சேராது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நடுவில் நஞ்சப்பண்ணன் மாட்டிக்கொள்வார். வேண்டாம் என்றேன். அதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பின்வாசல் வழியாக வெள்ளிக்கிழமைக்குப் போனேன். அங்கே வெயில் நேற்றைய வெயில். கவுன்ட்டரில் ஒரு அம்மாள் கண்ணுக்கு மை வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சின்ன டப்பா ஒன்று திறந்திருந்தது. உள்ளே கரிய பசை. தொட்டேன். விரல் கருத்துவிட்டது. கையை உதறினேன். சட்டையில் துடைத்தேன். சட்டையும் கருத்தது, விரலில் அப்படியே இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இது எண்ணெய்ங்களா?" என்றேன்.

"மைங்க."

"இதுக்கு எந்தக் கிழமைங்க?"

"மைக்கு ஏதுங்க கிழமை."

அவ்வளவுதான். ஆண், பெண் வழக்கு அங்கேயே தீர்ந்தது. எவ்வளவு பூசுவது என்று கேட்டேன். கண்ணுக்கு வைக்கிற அளவு, அள்ளி அப்பினால் கரைந்து கீழே வழியும் என்றார். நஞ்சப்பண்ணனைத் தெரிந்தவர்போலப் பேசினார். கிளம்பும்போது தணிகாசலம் கூப்பிட்டு, தலைக்கு வைத்தபின் பகலில் தூங்கக் கூடாது, பூட்டிய கையோடு ஓட்டிவிடுங்கள் என்று ஞாபகப்படுத்தினார்.

வரும்போது நடை குட்டையாக இருந்தது. ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் ஹால்.

கேமுக்குக் கண் கிடையாது. மூக்குதான் உண்டு. மூக்குகள்தான் வால்வை அழுத்துபவை. ஒவ்வொன்றின் நுனியிலும் மெல்லத் தீட்டினேன். எக்ஸாஸ்ட் கூச்சப்பட்டது. இன்டேக் கண்ணாடி கேட்டது. காட்டினேன். இரண்டையும் தலையில் உட்கார வைத்து, சங்கிலியை மாட்டி, குறிகளை நேர் பார்த்து மூடிகளை முறுக்கினேன். அடியில் நஞ்சப்பண்ணனுக்காகச் சாதாரண இன்ஜின் ஆயில் ஊற்றினேன். கீழ்வீட்டில் அவர் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

இன்ஜின் கொட்டாவி விட்டது. மதியமாகிவிட்டிருந்தது. வெளியே பந்தயத் திடல் பொறுமையிழந்து தன் கயிறுகளைச் சுருட்டத் தொடங்கியிருந்தது. ஒரு சின்ன மேடு ஏற்கெனவே தெருமுனைக்குப் போய்விட்டது.

தாரணி டீப்பாய்மேல் ஏறி வண்டியில் உட்கார்ந்தாள். உதைத்தாள். ஒன்றும் இல்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் சித்தப்பா பையன் எங்கோ சிரிப்பது எனக்குக் கேட்டது. மறுபடி உதைத்தாள்.

வண்டி எழுந்தது. ஓர் உரசல் இல்லை, ஒரு கிறீச் இல்லை. சுத்தமான சத்தம். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்தேன், முகமெல்லாம் மை. தாரணி கிளட்சைப் பிடித்து கியர் போட்டாள். கீழிருந்து நஞ்சப்பண்ணனின் குரல் வந்தது.

"புடிச்சிருக்குது மாப்ளே!"

தாரணி தலையைச் சாய்த்து வண்டிச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள். ஹெல்மெட்டை மாட்டினாள். இனி அவள் போய்விடுவாள், நான் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட வேண்டும் என்று நினைத்துச் செருப்பைத் தேடினேன். வண்டி நகரவில்லை.

"ஏறுங்க" என்றாள்.

டர்ட் பைக்குக்குப் பின்சீட் கிடையாது. ஏறி உட்கார்ந்தேன். இடம் தாராளமாக இருந்தது.