ஐயனாருக்கு ஒரு கொப்பு

கல்லுக்கு முன்னால் இன்றைக்கும் மூன்று கொப்புகள் கிடந்தன. மூன்றும் கருங்காலி. ஒன்றில் மொட்டு வேறு. சிவரூபிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டுப் பாதை தொடங்கும் இந்த இடத்தில் மிஞ்சிய கருங்காலி இது ஒன்றுதான். மற்றவையெல்லாம் கள்ளமாக உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போய்விட்டன. வீட்டு முற்றத்தில் மரக்கன்று வளர்த்து விற்பவள் அவள். இது ஒருமுறை காய்த்தால் போதும், விதையெடுத்துக் காடு முழுக்க நட்டுவிடலாம் என்று ஆசை. காவல் கேட்டு வன அதிகாரிகளின் கந்தோர் கந்தோராக அலைந்தாள். வெட்டக் கூடாது என்று ஒரு பலகை நட்டார்கள். பலகையையும் களவெடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகுதான் அந்தக் கெட்டித்தனமான யோசனை வந்தது. குளக்கட்டில் கிடந்த கல்லொன்றைச் சைக்கிளில் ஏற்றி வந்து மரத்தடியில் நட்டு, சிவப்புத் துணி சுற்றி, ஐயனார் கனவில் வந்து இடம் கேட்டார் என்று கதை கட்டிவிட்டாள். மரக் கள்ளர்களும் ஐயனாருக்குப் பயந்தவர்கள்தான். அதற்குப் பிறகு ஒரு கோடரியும் வரவில்லை.

ஆனால் காட்டுக்குள் இறங்குகிறவர்கள் ஐயனாருக்கு ஒரு பச்சைக் கொப்பு முறித்து வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். வைத்தால் யானை வழிமறிக்காது. சிறுவயதிலிருந்து தானும் செய்துவந்த இந்த வேலையை எப்படித்தான் மறந்து தொலைத்தாளோ. விறகுக்குப் போகிறவர், மாடு தேடிப் போகிறவர் எல்லோரும் கைக்கெட்டியதை முறித்தார்கள். கைக்கெட்டியது கருங்காலி. இப்போது மரத்தில் மொட்டுள்ள கொப்புகள் ஒன்றிரண்டுதான் மிச்சம். தேனுக்குப் போன புருசன் பிரசாந்தனை மட்டும், இலையைக்கூடத் தொடக்கூடாது என்று காலையில் சண்டைபிடித்து அனுப்பியிருந்தாள்.

மாட்டுக்கார அப்புத்துரை வந்தார். கை மேலே போயிற்று.

"அண்ணை, முறியாதேங்கோ. இஞ்ச பாவட்டைக் கொப்பு கட்டி வச்சிருக்கிறன். அதில ஒண்டை வையுங்கோ."

"ஆரோ முறிச்சதை நான் வைக்கிறதே? காவல் கேக்கிறவை தங்கட கையாலதான் முறிக்கவேணும், பிள்ளை."

"இந்த மரம் ஒண்டுதான் மிச்சம். காய்க்க விடுங்கோவன்."

"ஐயனார் நிக்கிற மரத்துக்கு என்ன வரப்போகுது? கனவு கண்டது நீதானே."

அன்பாகச் சொல்லி, அன்பாகவே முறித்து வைத்துவிட்டு உள்ளே போனார். அது வெறும் கல் அண்ணை என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் நாளைக்கே கோடரி வரும்.

அப்போதுதான் உள்ளே மரம் முறியும் சத்தம் கேட்டது. பிறகு யானையின் பிளிறல். பிரசாந்தன் போன திசை.

வெறும் கல், தானே சுமந்து வந்த கல் என்று தனக்குத்தானே சொன்னாள். கை பாவட்டைக் கட்டுக்குப் போனது. எல்லாம் வெயிலில் வாடிச் சுருண்டிருந்தன. இன்னொரு தரம், இன்னும் கிட்டத்தில், யானை பிளிறியது.

சிவரூபி மொட்டுள்ள கடைசிக் கொப்பை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்தபடி, முறிக்காமலும் விடாமலும், காட்டுப் பக்கம் காது கொடுத்து நின்றாள்.